முக்காடு போட்டு வந்த எண்

ரிசீவரை எடுத்ததும் ரமாபாய் பேசுவதில்லை. காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று நொடி கேட்பார். வெறும் டயல் டோன்தான். நமக்கு ஒரே மாதிரி கேட்கிற அந்த ஓசையில் அவருக்கு என்னென்னவோ கேட்கும். "தண்ணி எறங்கிக்கினு கீது. மாடிக்குப் போற பைப்பாண்ட போயி கேபிள தொட்டுப் பாரு," என்பார். போய்த் தொட்டுப் பார்த்தால் நனைந்துதான் இருக்கும்.

வயது ஐம்பத்தொன்று. சுடிதாருக்கு மேல் கணவர் பீம்ராவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். பீம்ராவ் வியாசர்பாடியில் பஸ் மெக்கானிக்; சட்டையில் என்றோ பட்ட கிரீஸ் இன்னும் போகவில்லை. பையில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பென்சில் ரப்பர், ஒரு பொட்டலம் ஜீரக மிட்டாய். யாராவது போனை வைத்துக்கொண்டு கத்தினால் அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு ரிசீவரை வாங்கிக்கொள்வார். பெரிய டாக்டருக்கும் அதே மரியாதைதான்.

இராயபுரத்தில் உள்ள எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையில் நான் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். பதினான்கு வருஷமாக இங்குள்ள நூற்றிருபது போன்களையும் ரமாபாய்தான் பார்த்துக்கொள்கிறார். இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் மேசை போனின் எண்தான் என் பெயர்: நான் இருநூற்றுப் பதினாறு. மருந்தகத்து ராணி இருநூற்று மூன்று. "இருநூத்தி மூணுக்கு இன்னா, பொண்ணு கல்யாணம் நிச்சயமாய்ட்ச்சாமே?" என்று கேட்பார். தன் செல்போனில் ஒரு பெயரையும் பதிந்துவைக்கவில்லை. கேட்டால், "எண்ணு மண்டையில கீது. பேரு எதுக்கு?" என்பார்.

புளியந்தோப்பு குடியிருப்பில் இரண்டாவது மாடி அவர் வீடு. பரணில் பாத்திரம் கிடையாது. ஒரு கட்டடத்துப் போன்களையெல்லாம் இணைக்கிற பெட்டிகளான டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் இருக்கின்றன. திருவொற்றியூரிலும் மணலியிலும் மூடிப்போன தொழிற்சாலைகளிலிருந்து பழைய இரும்புக்குப் போக இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஏற்றிவைத்திருக்கிறார். முதலில் வந்தது அவரே ஒன்பது வருஷம் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்த கம்பெனியின் எக்ஸ்சேஞ்சு. அது ரிப்பேரானால் பெங்களூரிலிருந்து ஆள் வர நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மூடியைக் கழற்றிப் பார்த்ததில் தொடங்கியதுதான் அவருடைய தொழில். பாலிடெக்னிக் எதிலும் படித்ததில்லை. "படிச்சவன் வர்றதுக்குள்ள நான் பாத்துட்டேன்," என்பார். அவ்வளவுதான் சரித்திரம்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த வருஷம் பிப்ரவரியில். அதற்குக் காரணம் மாசானம் என்ற மனிதருடைய இரண்டு விரல்கள்.

எங்கள் மருத்துவமனை சென்ற வருஷம் எண்ணூரில் புதுக் கட்டடம் கட்டியது. ஆம்புலன்ஸ் வண்டிகளும் அவற்றை அனுப்பும் கட்டுப்பாட்டு அறையும் அங்கே போய்விட்டன. அங்கே போன் எல்லாம் புதிது, இணையத்தில் ஓடுவது. இராயபுரத்தில் இருப்பது பழைய எக்ஸ்சேஞ்சு. ஆனால் ஆம்புலன்ஸுக்கு ஊர் அறிந்த எண் இராயபுரத்து எண்தான். குப்பங்களின் சுவர்களில், விசைப்படகுகளின் அறைக் கதவுகளில், ஷேர் ஆட்டோக்களின் முதுகில் இருபது வருஷமாக அது எழுதியிருக்கிறது. குழந்தைகள்கூடச் சொல்லும். அதனால் அழைப்பு முதலில் இராயபுரத்துக்கு வந்து, அங்கிருந்து எண்ணூருக்குத் திரும்பும்படி இரண்டையும் இணைத்திருந்தார்கள். குரல் நன்றாகப் போனது. எண் போகவில்லை. யார் கூப்பிட்டாலும் எண்ணூர்த் திரையில் இராயபுரம் மருத்துவமனையின் எண்ணே தெரிந்தது. மூன்று மாதம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவள் அனிஷா. தண்டையார்பேட்டைப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம். ஒரு அழைப்பு வந்தது. "யார்டுல கை மாட்டிக்கிச்சு, ரத்தம் நிக்க மாட்டேங்குது, சீக்கிரம்..." என்பதோடு அறுந்துபோனது. எந்த யார்டு என்று சொல்லவில்லை. எண்ணூரிலிருந்து மாதவரம் வரை கன்டெய்னர் யார்டு எத்தனையோ. அனிஷா திரையில் இருந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டாள். இராயபுரம் வரவேற்பறையில் மணி அடித்தது.

நாற்பது நிமிஷம் கழித்து மாசானம் ஒரு லாரியில் வந்து சேர்ந்தார். தெற்கத்திக்காரர், யார்டில் ஒப்பந்த வேலை. கூடவந்தவரின் செல்போன் அந்த நேரம் பார்த்து ஒரு நிமிஷம் சிக்னல் இழந்திருக்கிறது. மறுபடி முயன்றபோது லைன் கிடைக்கவில்லை. பொறுக்க முடியாமல் கிடைத்த வண்டியில் ஏற்றிவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலக்கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா ஒண்ணையாவது காப்பாத்தியிருக்கலாம்," என்று டாக்டர் சொன்னது அனிஷாவின் காதுக்கும் எட்டிவிட்டது.

வியாழக்கிழமை அவள் மாசானத்தைப் பார்க்க இராயபுரம் வந்தாள். வார்டு வாசல்வரை போனவள் உள்ளே போகாமல் திரும்பி, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தப் படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில்தான் எக்ஸ்சேஞ்சு. மருந்தகத்து போனைச் சரிசெய்ய வந்த ரமாபாய் கதவைத் திறந்துகொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா கண்ணு, உள்ள யாரு? வூட்டு ஆளா?"

"இல்லக்கா. யாருன்னே தெரியாத ஆளு."

ரமாபாய் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அனிஷா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மிட்டாய் கொடுக்கவும் இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்பர் வர்ல, நம்ம நம்பரே வருதுன்னு யார்னா என் கையில சொன்னாங்களா?"

"புதுசா போட்ட கம்பெனிக்காரங்க கையில சொன்னோம்க்கா. ரெண்டும் வேற வேற மெஷினு, அப்படித்தான் வரும்னாங்க."

"அப்டித்தான் வருமாமா," என்று ரமாபாய் எழுந்தார். நேராக நிர்வாகி சங்கரநாராயணனின் அறைக்குப் போனார். இருநூற்றுப் பதினாறும் பின்னால் போனேன், ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

அறையில் புதுக் கம்பெனியின் மேலாளர் வெள்ளத்துரை உட்கார்ந்திருந்தார். அவர் வந்த காரியமும் இதுதான். இராயபுரத்துப் பழைய எக்ஸ்சேஞ்சை நூற்றிருபது போன்களோடு தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும், ஆம்புலன்ஸுக்குப் புது எண் வாங்க வேண்டும், வேறு வழியில்லை என்று ஒப்பந்தத் தாள்களைப் பரப்பியிருந்தார். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து. அவருடன் அவர்களுடைய பொறியாளர் விமல் நின்றிருந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். எண்ணூர் இணைப்பைக் கொடுத்தவர் அவர்தான். முகத்தில் களையில்லை.

"சார், நம்பர மாத்தாதீங்கோ," என்றார் ரமாபாய். "செவுத்துல எழுதன நம்பர அழிச்சிரலாம். ஜனங்க மண்டையில கீற நம்பர எப்டி அழிப்பீங்கோ? ரத்தம் ஊத்தும்போது பழைய நம்பரத்தான் அடிப்பான்."

"வேற வழி இருந்தா நான் ஏன்மா மாத்தப் போறேன்?" என்றார் சங்கரநாராயணன்.

"கீது சார். திங்கக்கெழம வரைக்கும் டயம் குடுங்கோ. வர்ற நம்பர அப்டியே எண்ணூருக்கு அனுப்பிக் காட்றேன்."

வெள்ளத்துரை சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை தெரிந்தவர் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "சார், இவங்க ஆபரேட்டரா இருந்தவங்கதானே?"

"ஆமா நைனா, ஆபரேட்டருதான்," என்றார் ரமாபாய். "யாரு கூப்டாங்கன்னு தெரியாம, கட்டான லைன வெச்சிக்கினு அந்தச் சீட்ல ஒரு நாளு குந்திப் பாத்துக்கிறியா நீ? நான் ஒம்போது வர்சம் குந்திக்கிறேன்."

சங்கரநாராயணன் தாள்களை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். "திங்கள் பதினொரு மணி," என்றார்.

வெளியே வந்ததும் விமல் பின்னாலேயே ஓடிவந்தார். "மேடம், அந்த லிங்க்கைப் போட்டது நான்தான். அந்த ஆள் கையைப் பார்த்துட்டு வந்தேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க, நானும் இருக்கேன்."

"மேடமெல்லாம் வாணாம். நாஷ்டா துன்னியா?" என்றார் ரமாபாய்.

அன்று படிக்கட்டடி அறையில் அவர் விமலுக்குச் சொன்னதை நானும் கேட்டேன். எனக்கே புரிகிற மாதிரிதான் சொன்னார். பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து எண்ணூருக்குப் போகும் அழைப்புகளைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் கம்பிகளில் இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பியில் மணியும் குரலும் போகும். இன்னார் கூப்பிடுகிறார் என்ற தகவல் போகாது. போகாத இடத்தில் புது மெஷின் தனக்குத் தெரிந்த ஒரே எண்ணை, மருத்துவமனையின் எண்ணைப் போட்டு நிரப்பிக்கொண்டது. எண்ணும் குரலும் சேர்ந்து போக வேண்டும் என்றால் இரண்டு மெஷினுக்கும் நடுவே டிஜிட்டல் லைன் வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்சில் அதற்கு ஒரு கார்டு செருக இடம் காலியாக இருந்தது. கார்டுதான் இல்லை.

"அந்தக் கார்டு தயாரிக்கறதை நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு," என்றார் விமல்.

"அவன் நிறுத்தட்டும். நான் நிறுத்தல," என்றார் ரமாபாய்.

வெள்ளிக்கிழமை முழுவதும் புளியந்தோப்பு வீட்டுப் பரண் இறங்கியது. பீம்ராவ் ஸ்டூலில் நின்று ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சாக இறக்க, ரமாபாய் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்து பார்த்தார். ஏழாவது பெட்டி மணலியில் ஒரு ரசாயனக் கம்பெனியிலிருந்து வந்தது. அதில் கார்டு இருந்தது. அந்தப் பெட்டியைப் போன தீபாவளிக்கே விற்றுவிடச் சொன்னதாக பீம்ராவ் பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார். "நல்ல வேள, எம் பேச்ச எப்ப கேட்டுக்கிது அது?" என்றார்.

சனிக்கிழமை காலை கார்டைச் செருகினார்கள். விளக்கு எரியவில்லை. பல வருஷமாகப் பரணில் கிடந்த சாமான். விமல் முகம் வாடிவிட்டது. ரமாபாய் கார்டை உருவி, சட்டைப் பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து, கார்டின் ஓரத்தில் வரிசையாக இருந்த பொன்னிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கணக்கு நோட்டில் தப்பை அழிக்கிற மாதிரி பொறுமையாகத் தேய்த்தார். ஊதிவிட்டு மறுபடி செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்து, இரண்டையும் இணைக்கும் பெட்டி. அதை விமல் கொண்டுவந்தார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனி அவரிடம் கொடுத்திருந்தது. மேலாளரிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்துவந்தாரா என்று நான் கேட்டேன். "திங்கக்கிழமை கேட்டுக்கலாம் சார்," என்றார்.

இணைத்ததும் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே எரிந்தது. விமல் மடிக்கணினியில் எதையெதையோ மாற்றினார். ரமாபாய் இரண்டு மெஷின்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு, 'நீ தாளம் போடு, நான் பாடறேன்'னு சொல்லிக்கினு குந்திக்கினு கீது. யார்னா ஒருத்தன் தாளம் போடணும்ல?"

விமல் நெற்றியில் அடித்துக்கொண்டார். டிஜிட்டல் லைனில் இரு முனைகளும் ஒரே கதியில் ஓட வேண்டும்; அந்தக் கதியை ஒன்று கொடுக்க, மற்றது பின்தொடர வேண்டும். இரண்டுமே பின்தொடரக் காத்திருந்தன. பழைய எக்ஸ்சேஞ்சைத் தாளம் போடச் சொன்னார்கள். சிவப்பு அணைந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு ரமாபாய் தன் செல்லிலிருந்து ஆம்புலன்ஸ் எண்ணை அடித்தார். எண்ணூரில் அனிஷா எடுத்தாள். குரல் கண்ணாடி மாதிரி கேட்டது.

"திரையில இன்னா வருது கண்ணு?"

"நம்ம நம்பர் வரலக்கா."

"சரி. எந்நம்பரு வருதா?"

"அதுவும் வரலக்கா. எண் இல்லைன்னு வருது."

அன்று ரமாபாய் வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்ய மறந்து காலால் தள்ளிக்கொண்டே கேட்டுவரை போனார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கேட்டில் காவலாளி கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் சாவியைத் திருகினார்.

ஞாயிற்றுக்கிழமை. மருத்துவமனை பாதி காலி. எனக்கு விடுமுறைதான், வீட்டில் இருக்க முடியாமல் வந்துவிட்டேன். விமல் மடிக்கணினியைத் தரையில் வைத்து, இரண்டு மெஷின்களுக்கு நடுவே போகிற செய்திகளை எழுத்தாக ஓடவிட்டிருந்தார். ரமாபாய் ஒவ்வொரு தடவை எண்ணை அடிக்கும்போதும் திரையில் இருபது முப்பது வரி மேலே ஏறும். அவருக்கு அந்த ஆங்கில எழுத்துகள் பழக்கமில்லை. ஆனால் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே.

"நிறுத்து, நிறுத்து," என்றார் திடீரென்று. விரலைத் திரையில் வைத்தார். "இது எந்நம்பர்."

விமல் குனிந்து பார்த்தார். ஆமாம். பத்து இலக்கமும் அப்படியே இருந்தது.

"அப்போ வந்துக்கினுதான் கீது. எங்கயும் தொலையல. ஏன் காட்ட மாட்டேங்கிது? அது பக்கத்துல இன்னா எழுதிக்கிது?"

விமல் படித்தார். பிறகு மறுபடி ஒரு தடவை மெதுவாகப் படித்தார். "அக்கா, நம்பர் பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கு. இந்த எண்ணைக் காட்டக் கூடாது, மறைக்கணும்னு இருக்கு. நம்ம பழைய எக்ஸ்சேஞ்ச்தான் அதைப் போட்டு அனுப்புது. எண்ணூர் மெஷின் அதை மதிச்சு மறைச்சிடுது."

அவர் 'அக்கா' என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

ரமாபாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "முக்காடு போட்டுக்கினு வந்துக்கீது நைனா. நேத்துலேர்ந்து நாம தேடறோம், அது முக்காடு போட்டுக்கினு முன்னாலயே நின்னுக்கினு கீது."

"எடுக்க முடியுமா?"

"போட்டவளே நான்தான்," என்றார். சிரிப்பு நின்றிருந்தது. "பத்து வர்சத்துக்கு முன்ன பெரிய டாக்டருங்க கேட்டாங்கோ. அவங்க இங்கேர்ந்து வெளிய பேசனா ரூம் நம்பர் வெளிய தெரியக் கூடாது, நோயாளிங்க திருப்பித் திருப்பிக் கூப்புட்றாங்கன்னு. நான்தான் வெளிய போற எல்லாத்துக்கும் மறைக்கச் சொல்லி வெச்சேன். எண்ணூருக்குப் போறதும் வெளிய போறதுதானேன்னு மெஷினு நெனச்சிக்கிது. அத்து மேல தப்பு இல்ல."

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. விமலிடமும் என்னிடமும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார். பிறகு ஒரு சாதாரண போனை எடுத்து, அதன் பொத்தான்களில் பதினோரு இலக்கம் உள்ள ஒரு கட்டளையை மனப்பாடமாக அடித்தார். வெளியே போகும் லைனுக்கு மறைப்பு அப்படியே இருக்கட்டும், எண்ணூருக்குப் போகும் லைனுக்கு மட்டும் வேண்டாம். போன் இரண்டு தடவை சிணுங்கி ஒப்புக்கொண்டது.

செல்லை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை அடித்தார். அனிஷா போனை எடுத்ததும் வழக்கமான வாசகத்தைச் சொல்லவில்லை. பத்து இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசி இலக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் திருவிழாதான். ரமாபாய் தன் மண்டையில் இருந்த எண்களையெல்லாம் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் எண்ணுக்கு ஒரு தடவை போன் போடச் சொன்னார். பீம்ராவ் போட்டார். காசிமேட்டில் மீன் விற்கிற அவர் சிநேகிதி கோவிந்தம்மா பொத்தான் போனிலிருந்து போட்டார். அனிஷா எண்ணைப் படித்ததும், "அதெல்லாம் இருக்கட்டும், ரமாவுக்கு வவ்வாலு மீனு எடுத்து வெச்சிக்கிறேன், வோணுமா வாணாமான்னு கேட்டுச் சொல்லு," என்றாராம். தரைவழி போன், செல்போன், எஸ்.டி.டி. குறியீட்டோடு வந்த திருவள்ளூர் போன் எல்லாம் அச்சாகத் திரையில் விழுந்தன. திருப்பிக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினால் சரியான இடத்தில் மணி அடித்தது. விமல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இருபத்தேழு அழைப்பு, இருபத்தேழு எண்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு சங்கரநாராயணன் படிக்கட்டடி அறைக்கு வந்தார், வெள்ளத்துரையும் கூட. விமல் தாளை நீட்டினார். நிர்வாகி அதை வாங்கவில்லை. வெளியே நடந்து கேட்டைத் தாண்டிப் போனார். நாங்கள் பின்னால் போனோம். சாலையோரம் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. டிரைவரிடம் செல்லைக் கேட்டு வாங்கி, அதன் முதுகில் எழுதியிருந்த எங்கள் எண்ணை அடித்தார். மறுமுனையில் அனிஷா எடுத்ததும், "இங்கே ஒருத்தர்..." என்று மட்டும் சொல்லி வேண்டுமென்றே துண்டித்தார். போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினெட்டு நொடி. டிரைவரின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆம்புலன்ஸ்லேருந்து பேசறேன். லைன் கட்டாயிடுச்சு. நீங்க எந்த இடத்துல இருக்கீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ மேடம், நான் ஒண்ணியும் பண்ல. இந்த சாருதான் போன் கேட்டாரு," என்றார் டிரைவர்.

ஆட்டோவுக்குள் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சங்கரநாராயணன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெள்ளத்துரை ரமாபாயிடம் வந்து, "அம்மா, அந்த டெமோ பெட்டியை இங்கேயே வெச்சுக்கங்க. நான் ஆபீஸ்ல பேசிக்கறேன்," என்றார். அந்த மனிதருக்கும் ஒரு மிட்டாய் கிடைத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு எண்ணூரில் ஓர் அழைப்பு. "முள்ளு குத்திக்கிச்சு, மாமனாருக்கு, ரத்தம் பீச்சிக்கினு..." ஒரு பெண்ணின் குரல், அறுந்துவிட்டது. அனிஷா திரையைப் பார்த்தாள். பத்து இலக்கம் இருந்தது. அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூன்றாவது தடவை மணி அடித்தது, எடுத்தார்கள்.

"எந்த இடம்?"

"முகத்துவாரக் குப்பம். படகாண்ட."

"பேசிக்கிட்டே இருங்க, வைக்காதீங்க. துணியை மடிச்சு அந்த இடத்துல அழுத்திப் பிடிங்க. வண்டி கிளம்பிடுச்சு."

கூப்பிட்டவள் பெயர் கீர்த்தி. மாமனார் சுப்புராயன் வலையில் வந்த திருக்கையைப் பிரித்தெடுக்கும்போது அதன் முள் தொடையில் ஆழமாக இறங்கிவிட்டது. பதினொரு நிமிஷத்தில் வண்டி குப்பத்தில் நின்றது. "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா வந்து பிரயோஜனம் இல்ல," என்றார் அன்றைய டாக்டர். மாசானத்துக்குப் பார்த்த அதே டாக்டர்தான்.

அனிஷா ரமாபாய்க்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னபோது அவர் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் ஏணி மேல் இருந்தாராம். கேட்டது இரண்டே கேள்வி. "ஆளு பொழச்சிக்கினாரா?" என்பது ஒன்று. "மூணாவது தபா அடிச்சியா? ரெண்டோட உடலியே?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்ததும், "கெட்டிக்காரி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் மருத்துவமனைக்கு வந்தார். எந்த போனும் கெட்டுப்போகவில்லை; யாரும் கூப்பிடவில்லை. இராயபுரத்துக்கு மாற்றியிருந்த சுப்புராயனின் வார்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே அந்தக் கிழவர், கஞ்சி வேண்டாம், கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று நர்ஸிடம் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார். கீர்த்தி கட்டிலருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ரமாபாயை அவர்களுக்குத் தெரியாது. அவரும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. திரும்பி என் மேசைக்கு வந்து, கோப்புகளின் மேல் பெயர் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நானும் இறங்கினேன்.

எக்ஸ்சேஞ்சின் இரும்புக் கதவு முழுக்க ஸ்டிக்கர்கள். தயாரித்த கம்பெனி, விற்ற கம்பெனி, நடுவில் ஒப்பந்தம் எடுத்து ஓடிப்போன மூன்று கம்பெனிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது. சட்டைக் கையால் அங்கிருந்த தூசியைத் துடைத்தார். மூடியைப் பல்லால் கழற்றினார். ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல், தூரத்தில் நின்றாலும் படிக்கிற அளவில் எழுதினார்: ரமாபாய், புளியந்தோப்பு. பிறகு கதவருகே குனிந்து மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.